டோட்டல் ரிஃப்ளக்ஸ்

மணலி. சி ஷிப்ட். இரவு 2 மணி.

கன்ட்ரோல் ரூம் கதவு பின்னால் சாத்திக்கொள்கிறது. முதுகில் ஏசிக் குளிர் இன்னும் இருக்கிறது. முகத்தில் உப்புக் காற்று. எந்த ஆலையுடையது என்று தெரியாத ஒரு வாடை.

புது சேஃப்டி ஷூ. சுண்டுவிரல் எரிகிறது.

*

கழுத்து அட்டையில் 'டிரெய்னி'. ஆறாவது வாரம்.

நேர்காணலில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள். ஒன்றைச் சொன்னேன். மற்றவை நாக்கின் அடியில்.

*

பம்ப் ஓடுகிறது. காது அதை நாலு நாலாக எண்ணுகிறது. மிருதங்க வகுப்பு நின்று மூன்று மாதம். விரல்கள் கைப்பிடிக் கம்பியில் தட்டுகின்றன. கையுறை சத்தத்தை விழுங்கிவிடுகிறது.

உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்தால் இதே பம்ப் கூழாங்கல் அரைப்பது போலக் கேட்குமாம். ஆபரேட்டர் அண்ணன் கேஜைப் பார்ப்பதில்லை. தலையைச் சற்றுச் சாய்க்கிறார். நடக்கிறார்.

*

மெத்தனாலும் தண்ணீரும். டிஸ்டிலேஷன் காலம் இப்போதுதான் சூடேறுகிறது.

நோட்டில் 'காலம்' என்று தமிழில் எழுதுகிறேன். எழுதிய பிறகு அது வேறொன்றாகவும் கிடக்கிறது.

*

ஃபீட் நிறுத்தியிருக்கிறது. கீழே ஸ்டீம். தட்டு தட்டாக வெப்பம் ஏறுகிறது. ஆவி உச்சிக்குப் போகிறது, குளிர்கிறது, சொட்டு விடாமல் காலத்துக்குள்ளேயே திரும்பி இறங்குகிறது.

வெளியே எதுவும் எடுப்பதில்லை. மணிக்கணக்காக.

உச்சி 74.

*

மெத்தனால் எரிந்தால் பகலில் சுடர் தெரியாது.

வெயிலைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

*

கேன்டீன் டீ. மேலே ஆடை.

வீட்டுக் காபி ஃபில்டரில் நடப்பது பாடத்தில் லீச்சிங். பாட்டிக்கு அது டிகாக்ஷன் இறங்குவது. பாட்டி சொல்வதில்தான் மணம் இருக்கிறது.

*

நோட்டின் முன்பக்கம் வெப்பம், அழுத்தம், ஓட்டம். பின்பக்கத்திலிருந்து கோர்வைகள், ஒரு வால்வின் பென்சில் படம், பறவைப் பெயர்கள்.

நடுவில் வெள்ளைத் தாள்கள். குறைந்துகொண்டு வருகின்றன.

*

பின்பக்கத்தில் ஓர் ஆண்டு, இரண்டு முறை.

1887. மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் கெமிக்கல் இன்ஜினீயரிங் பற்றி 12 சொற்பொழிவுகள் ஆற்றுகிறார்.

1887. பீட்டர்ஸ்பர்க்கில் போரோதின் இறக்கிறார். வேதியியல் பேராசிரியர். அவருடைய 'இளவரசர் ஈகோர்' ஓபரா 18 ஆண்டுகளாகியும் முடியவில்லை.

இரண்டுக்கும் இடையே கோடு போடவில்லை.

*

உச்சி 69.

மெத்தனால் 64.7-இல் கொதிக்கும். தண்ணீரை விட்டுத் தனியே வந்துவிடும். எத்தனால் அப்படியில்லை. 95.6 சதவீதத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு காய்ச்சினாலும் மிச்சத் தண்ணீர் கூடவே ஏறி, கூடவே இறங்கும்.

தேர்வில் இதை ஒரு குறையாக எழுதினேன்.

*

தூக்கம் வருகிறது. போகிறது.

ஒரு ஸ்டீம் டிராப் மூச்சு விடுகிறது. நிற்கிறது. விடுகிறது.

*

கிழக்கே சாம்பல் நிறம். எண்ணூர்க் கழிமுகம் இருக்கும் திசையில் மூன்று கூழைக்கடாக்கள். சிறகடிக்காமல் கொஞ்ச தூரம்.

அண்ணனும் பார்க்கிறார். எதுவும் சொல்வதில்லை.

*

லாக் புக்.

5.40. உச்சி 66. ரிஃப்ளக்ஸ் முழுவதும். எடுப்பு இல்லை.

அடுத்த ஷிப்டின் வண்டிச் சத்தம் கேட்டில்.