வாக்குமூலத்தின் மேல் கத்தரி

2023ஆம் ஆண்டின் பிற்பாதியில் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைப் பற்றி இரண்டு ஆவணத் தொடர்கள் அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ், செல்வமணி செல்வராஜ் இயக்கிய ‘தி ஹன்ட் ஃபார் வீரப்பன்’ என்ற நான்கு பகுதித் தொடரை வெளியிட்டது. டிசம்பரில் ஜீ5 தளத்தில் ‘கூச முனிசாமி வீரப்பன்’ வந்தது. நக்கீரன் இதழ்க்காரர்கள் காட்டுக்குள் போய்ப் பதிவுசெய்துவந்த வீரப்பனின் பேச்சுதான் அதற்கு உயிர். தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் இந்தக் காடு யாருக்கும் புதிதல்ல. அஞ்செட்டியைத் தாண்டினால் பிலிகுண்டுலு, காவிரி, அக்கரையில் கர்நாடகம். தமிழ்ச் சேனலும் கன்னடச் சேனலும் ஒரே வீட்டில் ஓடும் ஊர்கள் இவை. 2000ஆம் ஆண்டு கன்னட நடிகர் ராஜ்குமார் வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்தபோது, ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலே கதையின் நாயகனும் மாறுவதை இங்கே பார்த்தவர்கள் நிறைய. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. யார் யாரைக் கொன்றார் என்பதில் இன்னும் சச்சரவு தீராத வழக்கில், தீர்ப்புச் சொல்லும் உரிமையை ஓர் ஆவணப்படம் எங்கிருந்து பெறுகிறது?

வீரப்பன் விஷயத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட கொலைகள் அவர் கணக்கில் எழுதப்படுகின்றன. 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டதால் அந்தக் கணக்கு நீதிமன்றத்தில் முழுதாகச் சரிபார்க்கப்படவே இல்லை. முன்னாள் கர்நாடக அமைச்சர் நாகப்பா 2002இல் கடத்தப்பட்டு அந்த டிசம்பரில் பிணமாகக் கிடைத்தார். அவரைச் சுட்டது யார் என்பதில் வீரப்பன் சொன்னது ஒன்று, காவல்துறை சொன்னது இன்னொன்று. ராஜ்குமார் கடத்தல் வழக்கில், ஊரறிந்த அந்தச் சம்பவத்தில், விசாரணையைச் சந்தித்த ஒன்பது பேரையும் 2018 செப்டம்பரில் கோபிசெட்டிபாளையம் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்கள்மீதான குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்கும் சாட்சியோடு நிறுவப்பட்ட ஒன்றுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆவணப்படம் வேலை செய்வது அந்த இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியில் நடப்பதை எடைபோட, இந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே வேறொரு வழக்கு இருக்கிறது. ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன் 1991 ஜூன் மாதம், 19 வயதில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் கைதானார். கொலைச் சதியை முன்னின்று நடத்திய சிவராசன் கேட்டபடி ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக்கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரமாக நின்றது தடா சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் சிபிஐ கண்காணிப்பாளர் தியாகராஜன் பதிவுசெய்த ஒப்புதல் வாக்குமூலம். 1998இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, பேரறிவாளன் உள்ளிட்ட நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்தது. 2013இல் ‘உயிர்வலி’ என்ற ஆவணப்படம் வந்தது. பணி ஓய்வுபெற்றிருந்த அதே தியாகராஜன் அதில் பேசினார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் எழுத்தில் கொண்டுவரவில்லை என்று ஒப்புக்கொண்டார். பின்னர் 2017இல் அதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் தந்தார். விட்டுப்போனது ஒரு வாக்கியம். ஒருவன் கொலைச் சதியில் பங்காளியா, கடைக்குப் போய்வந்த பையனா என்பது அந்த வாக்கியத்தைப் பொறுத்தே இருந்தது.

காவல் அதிகாரியின் முன் தரும் ஒப்புதலை நம் சட்டம் ஏன் ஏற்பதில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைத் தள்ளிவைத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் 23ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. அடிப்பார்கள் என்ற அச்சம் ஒரு காரணம். அடிக்காவிட்டாலும் இன்னொரு சிக்கல் மிஞ்சும். பூட்டிய அறையில், ஒரு தரப்பு கேட்க மறுதரப்பு பேச, எதை எழுதுவது எதை விடுவது என்பதைக் கேட்கும் தரப்பே தீர்மானிக்கிறது. பிறகு படிப்பவருக்கு எழுதியது மட்டும் தெரியும், விட்டது தெரியாது. தடா சட்டம் அந்தக் கதவைக் கண்காணிப்பாளருக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும் திறந்துவிட்டது. விளைவு என்ன என்பதைத் தியாகராஜனே கேமராவுக்கு முன் சொல்லிவிட்டார்.

ஆவணப்பட எடிட்டரின் மேசையில் நடப்பது இதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது? பல மணி நேரப் பேட்டியிலிருந்து சில நிமிடங்கள் எடுக்கப்படுகின்றன. கேள்வி பெரும்பாலும் வெட்டப்பட்டு, பதில் மட்டும் தானாக வந்த பேச்சுபோல ஒலிக்கிறது. தயங்கிய இடம் போய்விடும், இசை சேரும். அமெரிக்காவில் ஹெச்பிஓ 2015இல் ஒளிபரப்பிய ‘தி ஜின்க்ஸ்’ தொடரின் முடிவில், கொலைச் சந்தேகத்துக்கு ஆளான ராபர்ட் டர்ஸ்ட் கழிவறையில் தனியாக முணுமுணுத்தது ஒப்புதல்போலக் கேட்டது. உலகமே அதிர்ந்தது. 2019இல் வழக்குக்காக முழு எழுத்துப்படி வெளிவந்தபோதுதான், அந்த முணுமுணுப்பின் துண்டுகள் இடம் மாற்றி ஒட்டப்பட்டவை என்று தெரிந்தது. 2021இல் டர்ஸ்ட் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அதனால் அந்த ஒட்டுவேலை நியாயமாகிவிடுமா? குற்றவாளியின் வாக்குமூலத்தைத் திருத்தினாலும் அது திருத்திய வாக்குமூலமே. ஒரு படத்தின் நேர்மையை, பின்னால் வரும் தீர்ப்போடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து அளக்கக் கூடாது என்பதற்கு இந்த வழக்கு போதும். தியாகராஜன் விட்ட வாக்கியத்துக்கு ஓர் அளவுகோல், டர்ஸ்ட் பேச்சின் ஒட்டுக்கு வேறோர் அளவுகோல் என்று வைத்துக்கொள்ள முடியாது. காவல்துறைக் காகிதத்தின்மீது சட்டம் எந்தச் சந்தேகத்தை வைக்கிறதோ, அதே சந்தேகத்துக்கு ஆவணப்படமும் தன்னை உட்படுத்திக்கொள்ள வேண்டும்.

இதற்கு முதல் மறுப்பு, ஆவணப்படம் இல்லாவிட்டால் அந்த விட்டுப்போன வாக்கியம் வெளியே வந்திருக்குமா என்பது. வந்திருக்காமல் போயிருக்கலாம். எர்ரால் மோரிஸின் ‘தி தின் புளூ லைன்’ 1988இல் வந்திராவிட்டால், டல்லாஸ் காவலர் கொலையில் தண்டிக்கப்பட்ட ராண்டல் ஆடம்ஸ் அடுத்த ஆண்டே வெளியே வந்திருப்பாரா என்பதும் ஐயமே. மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவ்விரு படங்களின் சாதனை எது என்று பார்க்க வேண்டும். ‘உயிர்வலி’ மறைந்துபோன ஒரு வாக்கியத்தை, அதை மறைத்தவர் வாயாலேயே திரும்ப வாங்கியது. அந்த வாக்கியம் பிறகு நீதிமன்றம் சோதிக்கக்கூடிய வடிவில் போய்ச் சேர்ந்தது. மோரிஸ் கொலைக் காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சாட்சி சொன்னபடி, சாட்சிகள் முரண்பட்டபடியே காட்டினார். எது உண்மையில் நடந்தது என்று ஒரு காட்சிகூட அடித்துச் சொல்லவில்லை. இப்போது நம் திரைகளில் வரும் குற்றத் தொடர்களில், மங்கிய வெளிச்சத்தில் ஒரு கை விஷத்தைக் கலக்கிறது, ஒரு நிழல் கதவைச் சாத்துகிறது. யார் சொன்னபடி என்ற குறிப்பு இல்லை. பெரும்பாலும் அரசுத் தரப்புக் கதையே படமாகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரில், அவரைக் கேட்காமலே எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் என்றுதான் அந்தக் காட்சியைச் சொல்ல வேண்டும். ஒரு பெண் தன் குடும்பத்தாரை விஷம் வைத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கேரளத்தின் கூடத்தாயி வழக்கில் விசாரணை முடியாதிருக்கும்போதே 2023 டிசம்பரில் ஒரு தொடர் வந்து, நாடு முழுவதும் அந்தப் பெண்ணின் பெயருக்கு முன்னால் ஒரு பட்டத்தை ஒட்டிவிட்டது. அவர் குற்றவாளியாகவே இருக்கலாம். அதைச் சொல்லும் வேலை கோழிக்கோட்டு நீதிமன்றத்தினுடையது.

பேரறிவாளன் வழக்கிலும் படத்தின் எல்லையை மறந்துவிடக் கூடாது. 2014இல் அவருடைய தூக்கு ஆயுளாகக் குறைந்தது கருணை மனுவின்மீதான தாமதத்தால். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது, தமிழக அமைச்சரவையின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரையை ஆளுநர் கிடப்பில் போட்டதால். நிரபராதி என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஆவணப்படம் அவரை நிரபராதியாக்கியது என்று மேடைகளில் பேசுவது, படம் செய்த நல்ல வேலையையும் குறைத்துக் காட்டும் மிகை.

படம் பார்ப்பவர் நீதிபதி இல்லையே, அவர் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாதே என்பது இன்னொரு மறுப்பு. நீதிமன்றங்களும் கிட்டத்தட்ட இந்த நிலையில்தான் இருக்கின்றன. கொலைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களின் அடிப்படையில் எழுதுவதற்கு ஒருவரின் சம்மதம் தேவையில்லை, வெளியாகுமுன்பே தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்றது. ஷீனா போரா கொலை வழக்கு பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடரை நிறுத்த 2024 பிப்ரவரியில் சிபிஐ கேட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் தொடரைப் பார்த்துவிட்டுத் தடைவிதிக்க மறுத்தார்கள். இரண்டும் சரியான முடிவுகள். தடை கேட்பவர்கள் பெரும்பாலும் அதிகாரத்தில் இருப்பவர்களே. ஆனால் சட்டம் தடுக்காததெல்லாம் அறமாகிவிடாது. தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு, படத்துக்கு இல்லை. உடுமலைப்பேட்டை சங்கர் ஆணவக் கொலை வழக்கைப் பின்தொடர்ந்து சாதனா சுப்ரமணியம் எடுத்த படம் அல் ஜஸீராவில் வந்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் சங்கரின் மனைவி கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவருக்கும் தண்டனையைக் குறைத்தது. உயர் நீதிமன்றம் சரியா தவறா என்பது தனி விவாதம். கௌசல்யா அதை ஏற்கவில்லை. ஆனால் அதற்குமுன் எடுக்கப்பட்ட படத்தை இன்று பார்ப்பவருக்கு வழக்கின் இந்தத் திருப்பத்தைச் சொல்லும் கடமை, அதைத் தொடர்ந்து காட்டும் நிறுவனத்துக்கு உண்டு. முகப்பில் நான்கு வரி சேர்ப்பது பெரிய செலவும் அல்ல.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இவ்வளவு அக்கறை காட்டினால், செத்தவருக்காகப் பேசுவது யார்? ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு இறந்த காவலர்களின் வீட்டாருக்கு ‘உயிர்வலி’யில் இடமில்லை. ஜீ5 தொடரில் வீரப்பன் மீசையை நீவிக்கொண்டு பேசும்போது, கதை சொல்வதில் அவருக்கிருந்த சாமர்த்தியம் பார்ப்பவரைக் கட்டிப்போடுகிறது. 1991 நவம்பரில் அவர் கையால் கொல்லப்பட்ட வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸுக்கு அப்படியொரு நாடா கிடையாது. 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் இறந்த 22 பேருக்கும் கிடையாது. அதேபோல, அந்தத் தாக்குதலுக்குப்பின் அதிரடிப்படையின் மாதேஸ்வரன் மலைச் சித்திரவதைக் கூடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட மலைக் கிராமத்தாரில் எத்தனை பேருக்கு நல்ல பேச்சு வரும்? கேமரா பேசத் தெரிந்தவர் பக்கம் சாய்வது அதன் இயல்பு. அதைச் சரிசெய்ய இரு தரப்புக்கும் சரிபாதி நேரம் என்ற பஞ்சாயத்துக் கணக்கு உதவாது. இறந்தவரின் குரல் காகிதத்தில்தான் இருக்கிறது: முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை, அதிரடிப்படையின் அத்துமீறல்களை விசாரித்த சதாசிவா குழுவின் அறிக்கை. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு பரிந்துரைத்தது. ஒரு படம் இந்தக் காகிதங்களை எவ்வளவு பொறுமையாகத் திறந்து வைக்கிறது என்பதை வைத்தே, அது செத்தவர்களை மதிக்கிறதா என்று சொல்ல முடியும். நெட்ஃபிளிக்ஸ் தொடரின் மையம் தலைப்பிலேயே தெரிகிறது. வேட்டையின் விறுவிறுப்பில் மலைக் கிராமங்கள் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. ஜீ5 தொடரின் ஆகப்பெரிய செல்வம் அந்தப் பழைய நாடா. அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று மற்றவர்கள் வந்து விளக்கும்போதெல்லாம் தொடர் இளைக்கிறது.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், முதல் விடை அந்த நாடாவிலேயே இருக்கிறது. முழுப் பதிவையும் வெட்டாமல் வெளியிட வேண்டும். தொலைக்காட்சிக்கு அரைமணி, ஒருமணி என்ற நெருக்கடி இருந்தது. இணையத் தளத்துக்கு அது இல்லை. ஜீ5இன் ஆறு பகுதித் தொடரைப் பார்க்கிறவர் பார்க்கட்டும். சந்தேகப்படுகிறவர், ஆய்வாளர், வழக்கறிஞர் முழுப் பேட்டியையும் கேள்விகளோடு கேட்கட்டும். சாட்சியின் உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து வரும் பகுதிகளை மறைக்கலாம், மறைத்ததை அறிவித்துவிட்டு. பார்வையாளர் ஓடிவிடுவார் என்று தயாரிப்பாளர் சொல்வதை நம்ப முடியவில்லை. முழுப் பேட்டியைத் தேடிப் போகப்போகிறவர்கள் எப்படியும் சிலரே, அந்தச் சிலருக்குப் பயந்தே எடிட்டரின் கை கட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாத வெட்டைவிடத் தெரியும் வெட்டு நேர்மையானது.

பாப்பாரப்பட்டியில் அந்த இரவு என்ன நடந்தது என்பதில் இன்றும் இரண்டு கதைகள் உலவுகின்றன. ஆம்புலன்ஸை மறித்துச் சரணடையச் சொன்னோம், அவர்கள் சுட்டார்கள், நாங்களும் சுட்டோம் என்பது அதிரடிப்படையின் கூற்று. படைத் தலைவர் விஜயகுமார் புத்தகமாகவும் எழுதிவிட்டார். முன்பே பிடித்துக் கொன்றுவிட்டு அங்கே கொண்டுவந்து போட்டார்கள் என்பது எதிர்க் கதை. அந்த நடவடிக்கையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்று, முதுமையடைந்து வருகிறார்கள். வீரப்பனைப் பற்றி மூன்றாவதாக ஒரு தொடர் எடுக்க யாராவது கிளம்பினால், அவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை வெட்டாமல் ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு, அதற்குப் பிறகு படத்தைத் தொகுக்க உட்காரலாம்.