சிறைக்கோட்டத்து வாசலில் ஒரு துறவி

சிறையில் இருக்கும், கை நடுங்கும் 83 வயது முதியவர் ஒருவர், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த குவளை வேண்டுமென்று நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார். பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்கிறது தேசியப் புலனாய்வு முகமை. அந்த 20 நாளும் கழிந்தபின் வந்த பதில், அப்படி எதையும் அவரிடமிருந்து நாங்கள் கைப்பற்றவில்லை என்பது. 2020 நவம்பரில் மும்பையில் நடந்தது இது. மனுப் போட்டவர் இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி, பார்க்கின்சன் நோயாளி. 2021 ஜூலை 5 அன்று அவருடைய ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டபோது, மனுதாரர் உயிரோடு இல்லை என்ற செய்திதான் நீதிபதிகளுக்குச் சொல்லப்பட்டது.

குவளைக் கதை ஊரறிந்தது. ஆனால் அந்த நாட்களில் பல வீட்டுத் திண்ணைகளிலும், சில கோயில் வளாகங்களிலும்கூட, தணிந்த குரலில் ஒரு கேள்வி புழங்கியது: சாமியாருக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு? பூசை வைத்தோமா, நோயாளிக்கு மந்திரித்தோமா என்றிராமல் நிலம், சுரங்கம், கிராம சபை, ஊபா சட்டம் என்று ஏன் அலைய வேண்டும்?

அதுதான் அவர் வேலை என்பதே நேரான விடை. பறிகொடுத்தவன் பக்கத்தில் போய் நிற்காத பக்தி, விளக்கேற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதற்கு ஒப்பு.

அவர் செய்தது என்ன? திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்தவர். 1975 முதல் 1986 வரை பெங்களூரு இந்திய சமூக நிறுவனத்துக்கு இயக்குநர். பிறகு ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே போய்த் தங்கி, ராஞ்சியை அடுத்த நாம்கும் பகுதியில் 'பகாய்ச்சா' என்ற மையத்தை உருவாக்கினார். அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையும் பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் ஆதிவாசிக்குத் தருவதாகச் சொன்னதை ஏன் தரவில்லை என்று கேட்டார். நக்சல் என்று முத்திரை குத்திச் சிறையில் அடைக்கப்பட்ட ஆதிவாசி இளைஞர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய் விவரம் திரட்டி அறிக்கையாக்கினார். அவர்கள் வழக்குகள் விரைந்து விசாரிக்கப்பட வேண்டுமென்று உயர் நீதிமன்றப் படியும் ஏறினார். ஆயுதமில்லை. கையில் இருந்ததெல்லாம் சட்டப் புத்தகமும் குறிப்பேடும்.

இதற்கு முன்னோர் இல்லாமல் இல்லை. 1968இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள், தங்கள் நாடுகளின் வறுமையைக் கடவுளின் சித்தம் என்று விட்டுவிட முடியாது, அது அமைப்பாகிவிட்ட அநீதி என்றார்கள். பெரு நாட்டுக் குருவான குஸ்தாவோ குத்தியெரெஸ் 1971இல் எழுதிய நூலால் 'விடுதலை இறையியல்' என்ற பெயர் நிலைத்தது. 1975இல் இயேசு சபையின் 32ஆம் பொதுப் பேரவை, நீதிக்காக உழைப்பதும் விசுவாசப் பணியின் பிரிக்க முடியாத பகுதி என்று தீர்மானித்தது. ஸ்டான் சுவாமி பெங்களூருவில் பொறுப்பேற்ற அதே ஆண்டு. ஆக, அவர் சபையை மீறிப் போனவர் அல்லர். சபை சொன்னதைச் செய்தவர்.

மறைநூலுக்குள் போனால் விடுதலை இறையியலுக்கும் மூத்த ஒரு வழக்கு கிடக்கிறது. நாபோத்து என்பவனின் திராட்சைத் தோட்டத்தின் மேல் ஆகாபு மன்னனுக்கு ஆசை. விலை கேட்டான், பாட்டன் சொத்தைத் தர மாட்டேன் என்று அவன் மறுத்தான். அரசி ஈசபேல் இரண்டு பொய்ச்சாட்சிகளைப் பிடித்தாள், நாபோத்து அரசனைப் பழித்தவனானான், கல்லெறிந்து கொன்றார்கள், தோட்டம் அரண்மனைக்குப் போயிற்று. நில எடுப்பும் இராஜத் துரோக வழக்கும் ஒரே பக்கத்தில்! அங்கே அரசனை மறித்துக் கேட்டவர் எலியா என்ற இறைவாக்கினர். 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் இந்தக் கதையை வைத்தே ஒரு தனி நூல் எழுதித் தம் ஊர்ச் செல்வர்களை உலுக்கினார். இவர்களையும் பூசையோடு நில் என்று அனுப்பிவிடலாமா?

நம் பக்கம் இன்னும் நெருக்கமான சாட்சி உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் 19ஆம் காதைக்குப் பெயரே 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை'. துறவுக் கோலத்தில், அமுதசுரபியோடு சிறைக்குள் நுழைந்து கைதிகளின் பசியாற்றுகிறாள் ஓர் இளம்பெண். வியந்துபோன சோழ மன்னன் என்ன வேண்டும் என்கிறான். பொன் கேட்கவில்லை, தனக்கு மடம் கேட்கவில்லை. இந்தச் சிறையை ஒழித்து அறச்சாலை ஆக்கு என்கிறாள். சோறு போட்டதோடு அவள் நின்றிருந்தால் எல்லோருக்கும் உவப்பான தொண்டாக இருந்திருக்கும். காப்பியம் பாடிய சாத்தனார் அங்கே நிறுத்தவில்லை. இன்னொரு சாட்சி: உறையூரில் இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று கருதிச் சோழன் நெடுங்கிள்ளி கொல்ல முனைந்தபோது குறுக்கே நின்றவர் புலவர் கோவூர்கிழார். புறநானூற்றுக் குறிப்பு சொல்வது இது. வள்ளுவரோ கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அது போதாதென்று வெருவந்த செய்யாமைக்கும் அடுத்ததாக ஒன்று வைத்தார்.

மறுதரப்புக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. நிகராகுவாவில் குருவும் கவிஞருமான எர்னெஸ்தோ கார்தெனல், சாந்தினிஸ்தா அரசில் பண்பாட்டு அமைச்சரானார். 1983இல் மனாகுவா விமான நிலையத்தில் அவர் மண்டியிட, போப் இரண்டாம் ஜான் பால் விரலை ஆட்டிக் கண்டித்த காட்சியை உலகமே பார்த்தது. அடுத்த ஆண்டு வத்திக்கான், மார்க்சியப் பகுப்பாய்வை அப்படியே இறையியலுக்குள் கொண்டுவருவது பற்றி எச்சரித்து ஆவணம் வெளியிட்டது. சாந்தினிஸ்தா கட்சியின் ஆட்சியே 2023இல் இயேசு சபையின் பல்கலைக்கழகத்தைப் பறிமுதல் செய்தது. ஆட்சி நாற்காலி சாமியாருக்கு ஆகாது என்பது சரி. ஆனால் ஸ்டான் சுவாமி எந்த நாற்காலியைக் கேட்டார்? இரண்டையும் ஒரே தராசில் போடுவது தர்க்கம் அல்ல, தப்பித்தல்.

அவர்மேல் சுமத்தப்பட்டது, தடை செய்யப்பட்ட மாவோயிஸ்ட் கட்சியோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டு. வழக்குக்கு மூலமான பீமா கோரேகானுக்குப் போனதே இல்லை என்று கைதாவதற்கு முன் பதிவுசெய்த காணொளியில் அவர் சொன்னார். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான ஊபாவின் 43டி(5) பிரிவில், குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் கிடையாது. சாட்சியத்தைக் குடைந்து பார்ப்பதெல்லாம் விசாரணையில்தான். அவர் இறக்கும்வரை அந்த விசாரணை தொடங்கவே இல்லை. அவருடைய கணினிக்குள் கோப்புகள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டிருந்ததாக அமெரிக்காவின் ஆர்சனல் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது. நீதிமன்ற விசாரணையில் சோதிக்கப்படாத முடிவுதான் அது. என்றாலும் நாபோத்தின் கதையைப் படித்தவருக்கு நெஞ்சு துணுக்குறாமல் இருக்காது.

தலோஜா சிறையிலிருந்து, தமக்காகக் குரல் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினார். அதிலும் பேச்சு தம்மைப் பற்றியதாக இல்லை. உடனிருக்கும் ஏழைக் கைதிகளுக்குத் தங்கள்மேல் என்ன வழக்கு என்றே தெரியவில்லை, குற்றப்பத்திரிகையைக் கண்ணால் பார்த்ததில்லை, வக்கீல் வசதியில்லாமல் வருடக்கணக்காகக் கிடக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ராஞ்சியில் விட்ட கணக்கெடுப்பை அங்கேயும் தொடர்ந்திருக்கிறார்.