மலைநாட்டுக்கு நடந்து போனவர்கள்



கபிரியேல் சம்மனசானவர் கொண்டுவந்த மங்களச் செய்தியைக் கேட்ட பிறகு நம் தேவமாதா செய்த முதல் காரியம் என்ன? எழுந்து நடந்தாள். மலைநாட்டில் இருந்த ஒரு வீட்டைத் தேடி வேகமாய்ப் போனாள் என்று அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலே எழுதி வைத்திருக்கிறார். ஊர்ப்பெயரை அவர் சொல்லவில்லை. ஜெருசலேமுக்கு மேற்கேயுள்ள அயின் காரீம் என்னும் மலைக்கிராமமே அது என்பது பழைய பாரம்பரியம். நசரேத்தூரிலிருந்து அவ்விடத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கால்நடையாய் மூன்று நாலு நாள் வழி. வயது சென்ற எலிசபெத்தம்மாளுக்கு அப்போது ஆறாம் மாதம். மாதா அந்த வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் மூன்று மாதம் தங்கினால் என்னென்ன வேலை இருக்கும் என்று நம் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. தண்ணீர் எடுப்பதும், மாவு அரைப்பதும், அடுப்பெரிப்பதுமாய் அந்த மூன்று மாதமும் போயிருக்கும்.

இந்தச் சந்திப்பின் திருநாளைத் திருச்சபை முன்னெல்லாம் ஜூலை 2-ம் தேதி கொண்டாடி வந்தது. 1969-ல் வெளியான புதிய நாட்காட்டி அதை மே 31-க்கு மாற்றிவிட்டது. நம் சீமைக்கு இந்த மாற்றம் பொருத்தமாய்த்தான் அமைந்தது என்பேன். மே மாதத்திலேதான் சேர்வராயன் மலைமேல் மலைவாசிகள் தங்கள் திருவிழாவுக்காக ஊர் ஊராய்க் கூடுகிறார்கள். கொல்லிமலையில் பலா பழுத்து மணக்கிற காலமும் அதுவே.

மலைநாடு என்றவுடன் பாலஸ்தீன தேசத்தை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் வாசலில் நின்று பார்த்தாலே மலை தெரிகிறதே! சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலை, இராசிபுரத்துக்கு அருகே போதமலை, சேந்தமங்கலத்துக்கு மேலே கொல்லிமலை, அதற்கும் கிழக்கே பச்சைமலை. கொல்லிமலையின் மேல்பாகம் ஒரே மட்டமான நிலம் அன்று. 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிறது. பள்ளத்தாக்குகளில் ஓடையோரம் படிப்படியாய் நெல்வயல். சரிவுகளில் சாமை, கேழ்வரகு, தினை. மற்ற இடங்களில் பலா, வாழை, அன்னாசி, மரத்தைச் சுற்றிய மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பி. வாழவந்தி நாடு, சேலூர் நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊர்களை நாடுகளாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள், அவர்களுடைய வமிசமே நாங்கள் என்பது அம்மக்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவரும் கதை. அரசாங்கப் பட்டியலில் அவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இவர்கள் பேசுவது தமிழ்தான்.

காலத்துக்குக் காலம் நடப்பது இப்பக்கத்து ஜனங்களுக்கு இரத்தத்தில் ஊறிய வழக்கம். ஆடிப் பதினெட்டுக்குச் சமவெளியார் கொல்லிமலை ஏறுவார்கள். ஆகாயகங்கை அருவியில் குளித்து அறப்பளீசுவரர் கோவிலுக்குப் போவது நம் இந்துச் சகோதரர்களின் நெடுநாளைய வழக்கம். வல்வில் ஓரியின் பெயரால் அரசாங்கம் விழா எடுப்பதும் அந்த நாட்களில்தான். தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடிப் பக்கத்தார் காவடி எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கிறார்கள். மலையார் கீழே இறங்கியது சந்தைக்காக. மிளகு, தேன், வாழைத்தார், பலாப்பழம் இவற்றைத் தலைச்சுமையாய்க் கொண்டுவந்து, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு அதே செங்குத்தான பாதையில் திரும்புவார்கள்.

இப்போது காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது. வாந்தி வருகிறது என்று சிலர் குறை சொல்வதைத் தவிர வேறு கஷ்டமில்லை. சாலை வந்ததைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்திலுள்ள போதமலையைப் பாருங்கள். கீழூர், மேலூர், கெடமலை என்ற அந்த ஊர்களுக்குச் சாலை போடும் வேலை அண்மை ஆண்டுகளில்தான் தொடங்கியது. அதுவரை தேர்தலுக்கு ஓட்டுப்பெட்டியும் தலைச்சுமையாகவே மேலே போனது. நோயாளியும், பிரசவ வேதனைப்படும் பெண்ணும் கம்பில் கட்டிய தூளியிலே கீழே வரவேண்டியிருந்தது. எலிசபெத்தம்மாள் இருந்த நிலைமையில் ஒரு பெண்ணைத் தூளியில் கட்டி, இருட்டில் நாலு பேர் சுமந்து இறங்குவதை எண்ணிப் பார்த்தவர்கள், பழைய காலமே பொற்காலம் என்று பேசமாட்டார்கள்.

ஆனாலும் நடையோடு சேர்ந்து ஒன்று போய்விட்டது. நடந்து மலையேறினவன் வழியில் யாரிடமாவது தண்ணீர் கேட்டே ஆகவேண்டும். பொழுது சாய்ந்தால் யார் வீட்டுத் திண்ணையிலாவது படுத்தே ஆகவேண்டும். ஆகையால் அந்த வீட்டுக்காரர் பேர் என்ன, எத்தனை பிள்ளைகள், இந்த வருஷம் சாமை விளைந்ததா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் அங்கே விருந்தாளி. இன்று வேனில் ஏறிப் போகிற நாம் யாரிடமும் எதையும் கேட்கவேண்டியதில்லை. காசு கொடுத்தால் போதும். நாம் அங்கே வாடிக்கைக்காரர். அருவியில் குளிக்கிறோம், சாப்பிட்ட இலையையும் நெகிழிப் பையையும் பாறைமேல் போடுகிறோம், சோளக்காட்டுச் சந்தையில் வண்டியை நிறுத்துகிறோம். விடியற்காலையில் கூடையைச் சுமந்துவந்து உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளையிடம், நம் பாட்டி வயதுள்ளவளானாலும், ‘ஏம்மா, இதுக்கா இவ்வளவு விலை?’ என்று பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசுகிறோம். பேளுக்குறிச்சிச் சந்தையில் வருஷத்துக்கு வேண்டிய மிளகும் கடுகும் வாங்கப் போகிற நம் குடும்பங்களிலும் இந்தப் பேரக் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஜவுளிக்கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பார்த்து வாய் திறவாமல் பணத்தை எண்ணி வைக்கிற நாமேதான் அங்கே நாக்கை நீட்டுகிறோம்!

இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது. நம் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மலைமேலும் ஏறிவிட்டது. அதனால் சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் பெரிதும் குறைந்துபோயின. காசு கிடைத்தது உண்மை. கிழங்கு விலை விழுந்த வருஷத்திலோ, குதிரில் தானியமும் இல்லை, கையில் காசும் இல்லை. விரதநாளில் நாம் குடிக்கிற ஜவ்வரிசிக் கஞ்சிக்கும் மலைமேலுள்ள ஒரு குடும்பத்தின் அடுப்புக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

நம்முடைய விசுவாசமும் இந்தச் சீமைக்கு நடந்தே வந்தது. 1623-ல் சேசுசபைத் துறவி தத்துவ போதகர், அதாவது ரொபெர்த்து தே நொபிலி சுவாமியார், மதுரையை விட்டுக் கிளம்பி, திருச்சினாப்பள்ளி வழியாகக் கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்துக்கு வந்தார். காவியுடையும் பாதக்குறடுமாய்ச் சந்நியாசி கோலத்தில் வந்தவரை அவ்வூரை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் ஏற்று உபசரித்தார். அங்கிருந்து சேலத்துக்கும் மோரமங்கலத்துக்கும் போனார். சேலத்து அரசுரிமையை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் பின்னர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ரோமாபுரியின் பெரிய குடும்பத்தில் பிறந்த ஒருவர் நம் ஊர்ப் புழுதியில் நடந்து, நம் பாஷையைப் பேசி, நாம் சாப்பிடுவதிலும் எளிய மரக்கறி உணவைச் சாப்பிட்டு வாழ்ந்தார். ஜனங்கள் இருக்கிற இடத்துக்குத் தாம் போகவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பிரிந்த சகோதரர்களைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்வது நியாயம். கொல்லிமலைக்கு மலைக்காய்ச்சல் பயத்தால் வெளியார் போகத் தயங்கிய காலத்தில், 1913-ல், ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலேய மிஷனரியும் அவருடைய மனைவி எவலின் அம்மாளும் மலையேறிக் குடியமர்ந்தார்கள். மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், கைத்தொழில் கற்பித்தார்கள். 1929-ல் ஜெஸ்ஸி பிராண்டு மலேரியாவின் கடுமையான விளைவாகிய கருநீர்க் காய்ச்சலில் மாண்டார். வயது மூத்து மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எவலின் அம்மாள் தாயகம் போய் நிம்மதியாய் உட்காரவில்லை. மறுபடியும் மலைக்கே வந்தார். இடுப்பு தளர்ந்தபின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனார். தொண்ணூறு வயது கடந்து 1974-ல் காலமானார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை வேலூர் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டு இவர்களுடைய மகன். இந்த மலையில் வளர்ந்த பிள்ளை. அந்த அம்மாள் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதற்காக அவருடைய இரண்டு கழிகளை நாம் மறந்துவிடவேண்டுமா?

நம் முன்னோரும் நடந்தவர்களே. கிறிஸ்துமஸ், உயிர்ப்புத் திருநாட்களுக்குக் கிளைக் கிராமத்தார் முந்தின நாளே கிளம்பி வந்து கோயில் தாழ்வாரத்தில் படுத்திருப்பார்கள். அக்காலத்தில் நற்கருணை வாங்குகிறவர் நடுச்சாமம் முதல் பச்சைத்தண்ணீரும் குடிக்கலாகாது. 1953-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு அனுமதி கொடுத்தார். 1957-ல் உபவாசம் மூன்று மணி நேரமாயிற்று. 1964-ல் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. அதற்கு முந்தின தலைமுறை, வெறும் வயிற்றோடு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து பூசை கண்டு, பிறகு புளியமரத்தடியில் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தது. சோறு கொண்டுவராத குடும்பத்துக்கும் அந்த மரத்தடியில் பங்கு கிடைத்தது. யார் வீட்டில் நோய், யார் வீட்டில் கல்யாணம், யார் கடன்பட்டுத் தவிக்கிறார் என்ற செய்தியெல்லாம் அங்கேதான் தெரியும். இன்று பூசை முடிந்த பத்தாம் நிமிஷத்தில் கோயில் வளாகத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் இராது. நாலாவது பெஞ்சில் வழக்கமாய் உட்காருகிற முதியவர் மூன்று வாரமாய்க் காணோமே என்று யார் கவனித்தோம்?

இப்போது வேளாங்கண்ணி யாத்திரைக்கு வருவோம். ஆகஸ்டு 29-ல் அங்கே கொடியேறுகிறது. செப்டம்பர் 8 மாதா பிறந்த திருநாள். சேலம், நாமக்கல் பக்கங்களிலிருந்து காவியுடை தரித்து, திருச்சி தஞ்சாவூர் வழியாய் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற நம் வாலிபர்களைக் கண்டு சந்தோஷப்படுகிறேன். கால் கொப்புளித்தாலும் ஜெபமாலையை விடாமல் நடக்கிறவர்கள் உண்டு. ஆனால் மாதாவின் கோயிலுக்கு நடக்கிறவர்கள், மாதா நடந்த நடையையும் சற்றே பார்க்கவேண்டும். அவள் போய்ச் சேர்ந்தது உதவி வேண்டியிருந்த ஒரு வீடு. வேளாங்கண்ணிக்கு ஏழெட்டு நாள் நடந்து போகிற அண்ணன், அடுத்த தெருவில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் பாகத் தகராறினால் ஐந்து வருஷமாய்ப் போகவில்லை என்றால், அந்த நேர்ச்சையை மாதாவிடம் எந்த முகத்தோடு கொண்டுபோய் வைப்பான்? மருமகள் பிரசவத்துக்குத் தன் தாய்வீடு போய் மூன்று மாதமாகியும், மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் எட்டிப் பார்க்காத குடும்பங்கள் நம் பங்கில் இல்லையா? சீர் குறைந்தது என்ற கோபமாம்! எலிசபெத்தம்மாள் வீட்டுக்குப் போனபோது மாதா என்ன சீர் எதிர்பார்த்தாள்?

ஆகையால் இந்த வருஷம் யாத்திரை போகிறவர்களுக்குச் சில காரியங்கள். கிளம்புகிறதற்கு முந்தின வாரம், பேச்சு நின்றுபோன அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அவர்கள் கதவைத் திறக்காவிட்டாலும் நீங்கள் போனது போனதுதான். பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளுங்கள். இரவில் நடக்கும்போது கூட்டத்துக்கு முன்னும் பின்னும் விளக்குப் பிடித்து, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரமாகவே நடக்கவும். பிள்ளைகளையும் சர்க்கரை வியாதிக்காரரையும் பின்தங்க விடவேண்டாம். வழியில் தண்ணீரோ மோரோ கொடுக்கிறவர்கள் எந்த மதத்தாராயிருந்தாலும், அவர்கள் பேரைக் கேட்டுக்கொண்டு, அன்றைய ஜெபமாலையில் பேர் சொல்லி ஒரு பத்துமணி ஒப்புக்கொடுங்கள். ஆடியில் கொல்லிமலைக்கு வேன் பேசியிருக்கும் குடும்பங்கள், வேனிலே ஒரு சாக்குப்பையும் எடுத்துக்கொண்டு போகவும். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர அது உதவும். சந்தையில் கூடைக்காரி சொல்கிற விலையைக் கொடுத்துவிட்டு, அவளுக்கு எந்த நாடு, எந்த ஊர், காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட்டாள் என்று கேட்டுவாருங்கள்.