கூலி கொடுத்தால் கடன் தீருமா?

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மையித்தின் வாரிசு எழுந்து நின்று, "மர்ஹூம் யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் என்னிடம் வந்து பெற்றுக் கொள்ளுங்கள்" என்று அறிவிப்பது நம்மிடையே உள்ள நல்வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், கோல சிலாங்கூர் ஆற்றோரக் கம்பமொன்றில், வயது முதிர்ந்த மலாய்ப் படகோட்டி ஒருவரின் ஜனாஸாவில் அவர் மகன் அவ்வாறே அறிவித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்தவரல்லர் அவர். பின் ஸஃப்பில் நின்ற என் மனத்தில் மட்டும் வேறொரு கேள்வி எழுந்தது. மர்ஹூமுக்கு நாம் கொடுக்க வேண்டிய கடனை யார் அறிவிப்பது?

நாங்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை; எல்லோருக்கும் அவர் 'பாச்சிக்'தான். புக்கிட் ரோத்தானிலும், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் தோட்டப்புறங்களுக்குச் சரக்குப் போட்டு வந்த கடைக்காரர்கள் நாங்கள். ஓய்வு கிடைத்த நாளில், ஊடாங் காலா என்னும் ஆற்று இறாலைத் தூண்டிலிட அவர் படகில் ஏறுவோம். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வரும் நேரம் எது, எந்த பெரெம்பாங் மரத்தடியில் இறால் ஒதுங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கே படகைக் கட்டுவாரோ அங்கே இறால் கிடைக்கும். மாலையில் கூலியை எண்ணிக் கொடுப்போம். கணக்கு முடிந்தது என்று வீடு திரும்புவோம்.

ஒருநாள் என் தூண்டிலில் நல்ல சினை இறால் ஒன்று சிக்கியது. பாச்சிக் அதை மெல்லக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டார். அடுத்ததும் சினை, அதையும் விட்டார். எனக்குக் கோபம் வந்தது. "பணம் கொடுத்து வந்தவன் நான், என் தூண்டிலில் பட்டது என்னுடையதல்லவா?" என்றேன். அவர் சிரித்துக் கொண்டே, "தம்பி, அது உப்புத் தண்ணீரைத் தேடிக் கீழே போகிறது. வழியை மறிக்கக் கூடாது" என்றார். அன்று கூலியில் இரண்டு வெள்ளியைக் குறைத்துக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை போனபோதும் அதே சிரிப்புடன் படகை அவிழ்த்தார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. 1961-இல் பினாங்கு குளுகோரில் ஆராய்ச்சி செய்த ஷாவோ வென் லிங் என்னும் அறிஞர், இந்த இறாலின் குஞ்சுகள் தனி நன்னீரில் பிழைக்கமாட்டா, சிறிது உப்புக் கலந்த நீர் வேண்டும் என்று கண்டறிந்தார். தாய் இறால் முட்டைகளை வயிற்றடியில் சுமந்து கழிமுகம் நோக்கி இறங்குகிறது. குஞ்சுகள் அங்கே வளர்ந்து மறுபடியும் ஆற்றில் ஏறி வருகின்றன. இறங்குகிறதைப் பிடித்துவிட்டால் ஏறி வருவதற்கு எது இருக்கும்?

"இதென்ன புதுக் கணக்கு? வேலை வாங்கினோம், கூலி கொடுத்தோம். அதற்கு மேலும் கடன் உண்டென்றால் உலகில் வியாபாரமே நடக்காதே!" என்று நம்மவர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் கடையில் உப்பு வாங்கியவர் விலையைக் கொடுத்தபின் நமக்குக் கடன்பட்டவரல்லர். துடுப்புப் போட்ட உழைப்புக்கும், இடம் காட்டிய அறிவுக்கும் பாச்சிக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக் கொள்வோம்.

ஆனால் அவர் விற்காத ஒன்று உண்டு. சினை இறாலை எடுத்துக் கொள்ளச் சொல்லியிருந்தால் வாடிக்கைக்காரர் மகிழ்ந்திருப்பார், கூலியும் குறைந்திராது. அந்த லாபத்தை அவர் வேண்டாமென்று விட்டார். அந்த நஷ்டம் அவருடையது. பின்னால் வந்த ஆண்டுகளில் நாம் பிடித்த இறாலெல்லாம் அதன் பலன். ஒருவர் நமக்காக நஷ்டப்பட்டு, நாம் அதற்கு விலை கொடுக்கவில்லையென்றால், அதைக் கடன் என்னாமல் வேறென்ன பெயரால் அழைப்பது?

ஜனாஸா முடிந்தபின் அந்த மகனிடம் இரண்டு வெள்ளியைக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, "உங்கள் தகப்பனாருக்காக என்னை ஹலால் செய்யுங்கள்" என்றேன். அவர் வாங்கிக் கொண்டார். ஒரு நிமிடத்தில் அந்தப் பாக்கி தீர்ந்தது. மற்றக் கடனோ அவர் கையில் கொடுக்கக் கூடியதன்று. அதை அந்த ஆற்றுக்குத்தான் செலுத்த வேண்டும்.

எப்படிச் செலுத்துவது? தூண்டிலில் சினை இறால் பட்டால் விட்டுவிடுவோம். சந்தையில் கண்டால் வாங்காதிருப்போம். கடைக் கழிவையும் எண்ணெயையும் ஆற்றில் சேரும் சாக்கடையில் கொட்டாதிருப்போம். கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களை வெட்டத் துணை போகாதிருப்போம். கம்போங் குவாந்தானில் இரவுதோறும் ஒன்றாய் மின்னும் மின்மினிகளுக்கு அம்மரங்களே வீடு.

அன்பர்களே! நம் கடைப் பையன், லாரியில் மூட்டை ஏற்றுபவர், தோட்டத்திற்குச் சரக்குக் கொண்டு செல்பவர் ஆகிய ஒவ்வொருவரும் நம் பேரேட்டில் ஏறாத ஏதோ ஒன்றை நமக்காக விட்டுக் கொடுத்தே வருகிறார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே நன்றி சொல்வோம். குறை வைத்திருந்தால் ஹலால் கேட்போம். நான் இரண்டு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தபோது பாச்சிக்கின் சிரிப்பைக் காணும் பாக்கியம் எனக்குக் கிட்டவில்லை.