வாங்கின் மேல் ஏறிய சிரிப்பு



அக்காலப் பள்ளிக்கூடத்திலே மணி அடித்தபின் வந்தவன் வாசலில் நின்றான். எழுத்துப்பிழை விட்டவன் அச்சொல்லைப் பத்துத் தரம் எழுதினான். சிரித்தவன் வாங்கின் மேல் ஏறினான். முதலிரண்டும் நேரத்தையும் மொழியையும் மதிக்க எமக்குக் கற்பித்தன. மூன்றாவது நியாயமா?

'அரசன் அரியணையில் வீற்றிருந்தான்' என்பதை ஒரு சிறுவன் 'அரிசிப்பானையில் வீற்றிருந்தான்' என்று வாசித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? களைத்த உடலுக்கு ஓய்வு போல, களைத்த மனத்துக்கு விளையாட்டும் வேண்டும் என்றார் 1274இல் இறந்த புனித தோமஸ் அக்குவினாஸ். தானும் மகிழாது, பிறர் மகிழ்வையும் தடுப்பவனிடம் குற்றமுண்டு என்றும் எழுதினார். ஆனால் வேடிக்கைப் பேச்சு அயலானைப் புண்படுத்தலாகாது என எல்லையும் இட்டார்.

எனவே, பிழையைக் கண்டு சிரிப்பது வேறு. பிழைவிட்டவனைப் பழித்துச் சிரிப்பது வேறு. முன்னதில் அச்சிறுவனும் சேர்ந்து சிரிக்கிறான். பின்னதில் அவன் தலை குனிகிறான். மறுநாள் வாசிக்க எழும்பமாட்டான். கண்டிப்பு வேண்டியது அங்கேதான். பழைய வாத்தியார் இரண்டையும் ஒரே பிரம்பால் அளந்தார். இன்று நாமோ இரண்டையும் கண்டும் காணாமல் விடுகிறோம்.

பெற்றோரே, ஆசிரியரே, நேரத்திலும் எழுத்திலும் கண்டிப்பாயிருங்கள். சிரிப்பு எழும்போது மட்டும், அதட்டுமுன் அச்சிறுவனின் முகத்தைப் பாருங்கள்: அவனும் சிரிக்கிறானா?