சுருட்டும் கட்டளைக்கல்லும்

ஒரு பொருளைக் கையில் எடுத்து, "இது நல்ல பொருள்" என்று சொல்கிறோம். அச்சொல்லுக்குள் மூன்று தீர்ப்புகள் அடங்கிக் கிடக்கின்றன. சுவைக்கு இனியது என்பது ஒன்று. செம்மையாகச் செய்யப்பட்டது என்பது மற்றொன்று. கொடுத்த விலைக்குத் தகும் என்பது இன்னொன்று. இம்மூன்றும் ஒன்றேதானா? மூன்றும் நிறைந்துவிட்டால் அப்பொருள் நல்லதாகிவிடுமா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு எளியதொரு பொருளை எடுத்துக்கொள்வோம். அதுதான் சுருட்டு.

தங்கவயலில் வாழும் நாம் பொன்னை விட்டுவிட்டுச் சுருட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். பொன்னின் தரம் காண்பதற்கு அளவு உண்டு. முன்னாளில் கட்டளைக்கல்லில் உரைத்துப் பார்த்தனர். இந்நாளில் ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்று முத்திரையே குத்திவிடுகின்றனர். சுருட்டுக்கு அத்தகைய எண் எதுவும் இல்லை. மதிப்பிடுவோனின் நாவும் கையும் மனமுமே அங்குக் கருவிகள். ஆகவே, மனிதன் ஒன்றை எவ்வாறு மதிப்பிடுகிறான் என்பதை அறியச் சுருட்டே தக்க சான்றாகும்.

அன்றியும் சுருட்டு நமக்கு அயலானதன்று. ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்னும் சொல் நம் 'சுருட்டு' என்பதன் திரிபேயாகும். திருச்சிராப்பள்ளி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டப்பட்டவை கடல் கடந்து சென்றன. சென்னை ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கருநிறமாய்ச் செதில் செதிலாய்க் கிடந்த சாம்பலைக் கொண்டே, அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளன் கண்டுபிடிக்கிறான். ஒரு தமிழ் ஊரின் பெயர் இலண்டன் நகரத்துக் கதையில் சாம்பலாய்ச் சாட்சி சொல்லியது!

முதற்கண் செய்நேர்த்தியைக் காண்போம். சுருட்டில் மூன்று அடுக்குகள் உண்டு: உள்ளே நிறைக்கும் இலை, அதனைப் பிடித்து நிறுத்தும் கட்டிலை, அழகுற மூடும் மேலிலை. நிறைப்பு இறுகிவிட்டால் புகை வாராது; தளர்ந்துவிட்டால் சூடேறி விரைவில் எரிந்து கசக்கும். விரல்களால் மெல்ல அழுத்தினாலே மேடு பள்ளம் தெரிந்துவிடும். பற்ற வைத்தபின் நெருப்பு ஒரு பக்கமாய் ஓடாமல் வட்டமாய் இறங்குதல் வேண்டும். முழு இலைகளை வைத்துச் சுருட்டியதாயின் சாம்பல் நெடுநேரம் உதிராமல் நிற்கும். துண்டு துணுக்குகளை அடைத்ததாயின் பொலபொலவென்று கொட்டும். மேலிலை எத்துணை மினுமினுப்பாயினும் உள்ளிருப்பதைச் சாம்பல் காட்டிக்கொடுத்துவிடும். செய்நேர்த்தி என்பது இவ்வாறு பொருளையே கேட்டு அறியத்தக்கது.

சுவையின் நிலை வேறு. அறுவடை செய்து உலர்த்திய இலைகளைக் குவித்து வைத்தால் அவை தாமே வெப்பமேறிப் பதப்படும். காரமான வாடை நீங்கும். பொறுமையின்றி அவசரமாகப் பதப்படுத்திய இலை தொண்டையைக் கரிக்கும். இதுவரையில் பலருக்கும் ஒரே தீர்ப்புத்தான். அதற்கு மேல், மண்ணின் மணம் என்றும் மரத்தின் மணம் என்றும் தேர்ந்தவர்கள் சொல்வது பழக்கத்தால் வருவது. காப்பியிலும் தேயிலையிலும் அப்படியே. சுவைக்கு நாவே சாட்சி. ஆயினும் அது பயிற்சி பெற்ற நாவாக இருத்தல் வேண்டும்.

விலைமதிப்புக்கு வரும்போதுதான் குழப்பம் நேர்கிறது. உயர்விலைச் சுருட்டின் இடையில் வண்ணக் காகித வளையம் ஒன்று சுற்றப்பட்டிருக்கும். பலரும் சுவைப்பது இலையை அன்று, அவ்வளையத்தையே. நம் நாட்டுச் சுருட்டை வின்ஸ்டன் சர்ச்சில் விரும்பிப் புகைத்தார் என்று பெருமையுடன் சொல்வதுண்டு. அது மெய்யாகவே இருக்கட்டும். பிறனொருவன் நாவின் தீர்ப்பு நம் நாவின் தீர்ப்பாவது எங்ஙனம்? அவர் புகழவில்லையேல் உறையூர்த் தொழிலாளியின் கைத்திறம் குறைந்துவிடுமா? நம் சிற்றூர்களில் காவல் தெய்வத்திற்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உண்டு. எந்த வளையம் என்று அத்தெய்வம் கேட்டதில்லை. படைப்பவன் மனமே அங்கு மதிப்பு.

இனி, நம் வினாவின் கடினமான பகுதி. சுவையும் நேர்த்தியும் நிறைந்து, விலையும் நியாயமாக அமைந்த சுருட்டு நல்ல பொருள்தானா? சுருட்டுப் புகை வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் விளைவிக்கும் என்பதை மருத்துவம் ஐயமற நிறுவியுள்ளது. 'நன்றாகச் செய்யப்பட்டது' வேறு, 'நன்மை செய்வது' வேறு என்பது இங்கே தெளிவாகிறது. மூன்று தேர்வுகளிலும் வென்ற பொருள் நான்காம் தேர்வில் தோற்றுப்போகலாம்.

அங்ஙனமாயின் சுருட்டுபவனின் கைத்திறம் வீண்தானா என்று கேட்கலாம். அன்று. கியூபா நாட்டு ஹவானா நகரில் 1865 முதல் ஓர் அரிய வழக்கம் உண்டு. தொழிலாளர் சுருட்டிக்கொண்டிருக்கையில் ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். தொடக்கத்தில் அவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து கொடுத்தனர். கை புகையிலையைச் சுருட்ட, செவி அறிவைத் தேடியது. புகையை ஏற்காத நாமும் அந்தக் கையையும் செவியையும் வணங்கலாம். செய்பவனின் மதிப்பும் செய்யப்பட்ட பொருளின் மதிப்பும் ஒன்றல்ல.

இவ்வுண்மையைத் தங்கவயல் மக்களுக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குப் பணி தொடங்கிய காலத்திலிருந்து, வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த நம் முன்னோர் மண்ணுக்குள் இறங்கினர். சுரங்கத் தொழிலில் பாறையின் பொன்னளவைக் காணும் முறை மிக நுட்பமானது. பாறை மாதிரியைத் தூளாக்கிக் காரீயத்துடன் உருக்கி, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் காய்ச்சுவர். காரீயத்தைச் சாம்பல் உறிஞ்சிக்கொள்ள, சிறு மணி ஒன்று எஞ்சும். அதிலுள்ள வெள்ளியை அமிலத்தால் நீக்கிப் பொன்னை நிறுப்பர். ஒரு டன் பாறையில் சில கிராம் பொன்னையும் தவறவிடாத தராசு அது! ஆனால் அப்பாறையைத் துளைத்தவனின் நெஞ்சில் எத்துணைத் தூசி படிந்தது என்று நிறுக்கும் தராசு நெடுங்காலம் வரவில்லை. 1940களில் 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டிருந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் பொன் இங்கிருந்து சென்றது என்று கணக்குச் சொல்கின்றனர். இழந்த மூச்சுக்கு அத்தகைய கணக்கு இல்லை.

ஆகவே மதிப்பிடுதல் என்பது வெறும் இரசனை அன்று, அது அறச்செயல். சுவையை அறிய வேண்டுமாயின் நம் நாவைக் கேட்போம், பெயரைக் கேளோம். செய்நேர்த்தியை அறிய வேண்டுமாயின் பொருளைக் கேட்போம். அதன் வளையத்தைக் கேளோம். மதிப்பை அறிய வேண்டுமாயின், அதற்கு விலை கொடுத்தோர் அனைவரையும் கேட்போம். காசு கொடுத்தவன் மட்டும் விலை கொடுத்தவன் அல்லன். செய்தவனும், நுகர்ந்தவனும், அவ்விருவர் இல்லங்களில் காத்திருந்தவர்களும் தத்தமக்குரிய விலையைக் கொடுத்தவர்களே. அவர்களைக் கேளாமல் எழுதப்படும் எந்த மதிப்பும் அரைக்கணக்கேயாகும்.

பொருளுக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். பெருமையையும் சிறுமையையும் அறிய அவரவர் செயலே கட்டளைக்கல் என்று வள்ளுவர் வகுத்தார். வரவை மிஞ்சிய செலவால் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று தீர்ந்தது சுரங்கத்தின் வணிக மதிப்பே, மக்களின் மதிப்பன்று. இன்றும் விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்பும் நம் இளைஞரைச் சிலர் ஊர்ப்பெயராலும் தெருப்பெயராலும் எடைபோடுகின்றனர். அது வளையத்தைப் பார்த்துச் சுருட்டை மதிப்பிடும் செயலே. நாமும் பிறரை அவ்வாறு எடைபோடாதிருக்கக் கற்றுக்கொள்வோம். நம் மக்களுக்கும் அதனையே கற்பிப்போம்.