அடங்காத பிள்ளையும் நீதியும்

பாடம் நடக்கும்போது எழுந்து ஓடுவான். பக்கத்தில் இருக்கும் பிள்ளையை அடிப்பான். கொப்பியைக் கிழிப்பான். ஏன் என்று கேட்டால் முறைத்துப் பார்ப்பான். பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் இத்தகைய பிள்ளை ஒன்றையேனும் சந்திக்காத ஆசிரியர் அரிது. பாடசாலையில் அவனுக்குக் "குழப்படிகாரன்" என்று பெயர். லயத்தில் "அடங்காப்பிடாரி". கோடாங்கி பார்ப்பவர் "காத்துக் கறுப்பு" என்பார். மூன்று பெயர்கள் கிடைத்தும், அவன் மனதில் என்ன நடக்கின்றது என்று விசாரித்தவர் சிலரே.

தவறு செய்தவனைத் தண்டிப்பதே நீதி என்பது பொதுவான எண்ணம். ஆனால் காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையை எவரும் அடிப்பதில்லை. அவன் வேண்டுமென்று பேசவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மனம் கலங்கிக் கத்தும் பிள்ளைக்கு மட்டும் பிரம்பு ஏன்? உடலின் காய்ச்சல் கைக்குத் தெரிகின்றது. மனதின் காய்ச்சல் தெரிவதில்லை. வேறுபாடு இவ்வளவே.

காரணங்கள் பல. தாய் மத்திய கிழக்கிலும் தந்தை கொழும்பிலும் வேலை செய்ய, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் தோட்டங்களில் ஏராளம். இரவில் குடிச்சண்டை நடக்கும் வீட்டில், ஒரே காம்பராவில் உறங்காமல் கிடந்த பிள்ளை காலையில் கணக்குப் பாடத்தில் எவ்வாறு அமைதியாக இருக்கும்? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். அவர்களில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 2025 நவம்பரில் டிட்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. இத்தகைய அழிவைக் கண்ட பிள்ளை மழைச் சத்தத்திற்கே நடுங்கலாம். அந்த நடுக்கம் கோபமாகவும் வெளிப்படலாம்.

வேறு சில பிள்ளைகளுக்குக் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் இயல்பிலேயே இருக்கின்றன. இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய நிலை. தாயின் வளர்ப்புக் குறையன்று. இன்னும் சிலர் குழப்பமே செய்வதில்லை. கடைசி வாங்கில் பேசாமல், சிரிக்காமல், எவரோடும் சேராமல் இருக்கும் சிறுமியை ஆசிரியர் "நல்ல பிள்ளை" என்று விட்டுவிடுவார். உதவி அதிகம் தேவைப்படுவது அவளுக்காகவும் இருக்கலாம்.

"ஒருவனுக்காக மற்ற முப்பது பிள்ளைகளின் படிப்பு கெடுவது நியாயமா?" என ஆசிரியர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. காரணத்தை அறிவது வேறு, கண்டும் காணாமல் விடுவது வேறு. அடித்தவன் அடிபட்டவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கிழித்த கொப்பியை ஒட்டிக் கொடுக்க வேண்டும். இவை செய்த தவறைச் சீர்செய்யப் பழக்குகின்றன. பிரம்போ பயத்தை மட்டுமே பழக்குகின்றது.

அடியாத மாடு படியாது என்று நம்பியவர்கள் இன்றும் உளர். ஆயினும் கல்வி அமைச்சு 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்தது. மாணவன் ஒருவனை ஆசிரியர் கன்னத்தில் அறைந்த வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறும் செயல் என 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அப்பிள்ளையை முன் வாங்கில் அமர்த்தலாம். நீண்ட வேலையைச் சிறு சிறு பகுதிகளாகக் கொடுக்கலாம். கோபம் ஏறும்போது சிறிது நேரம் வெளியே நின்று வர அனுமதிக்கலாம். எப்போது, எதன் பின் குழப்பம் வருகின்றது என்று குறித்து வைத்தால் காரணம் புலப்படும். பத்து நிமிடம் இருக்க மாட்டாத சிறுவன் திருவிழாவில் தப்புக்காரரின் அருகே மணிக்கணக்காக நின்று தாளம் தவறாமல் தட்டுவதைக் காணலாம். ஆகவே அவனிடம் கவனம் உண்டு. அது எங்கே இருக்கின்றது என்று தேடுவதே ஆசிரியரின் பணி.

இவற்றாலும் தீராதபோது வைத்திய உதவி பெறுவது அவசியம். பதுளை போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். "பைத்தியம் என்பார்களே" என்று அஞ்சிப் பெற்றோர் பிள்ளையை மறைத்து வைப்பதால் காலமே வீணாகும். திருநீறு பூசுவதும் வைத்தியரிடம் செல்வதும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல.

எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது மட்டும் நீதியாகாது. அன்னதானப் பந்தியில் பசித்தவனுக்கு இன்னொரு கரண்டி இடுவதை எவரும் பாரபட்சம் என்பதில்லை. வகுப்பறையிலும் ஆசிரியரின் பொறுமையில் ஒரு கரண்டி கூடுதலாக வேண்டிநிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை அவர்களுக்குக் கொடுப்பது சலுகையன்று, அறமேயாகும்.